டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு இன்ஜின் சேதமடைந்தது: மெக்கானிக் மீது வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி

என்னுடைய கார் இப்போது ஒரு பணிமனையில் பாதி திறந்த நிலையில் நிற்கிறது. இதற்குக் காரணம் என்று நான் கருதும் மெக்கானிக் மீது வழக்குத் தொடுப்பதா, அல்லது அவர் தர முன்வந்திருப்பதை ஏற்றுக்கொண்டு விலகிவிடுவதா என்பதில் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. இயந்திரம் அறிந்தவர்களும் சட்டம் அறிந்தவர்களும் இங்கே இருப்பதால், நடந்தவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

உற்பத்தியாளரின் கையேட்டில் குறித்திருந்த தூரத்தைக் கார் எட்டியதும், டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்காக, பல ஆண்டுகளாக நான் போய்வந்துகொண்டிருந்த பணிமனையில் அதை விட்டேன். பெல்ட், அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர், அது ஓடும் பாதையை ஒழுங்காக வைக்கும் ஐட்லர் புல்லி மூன்றும் அடங்கிய கிட் மாற்றப்படும் என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருந்தது; வேலை முடிந்தபின் தந்த ரசீதிலும் ‘டைமிங் பெல்ட் கிட்’ என்றே இருக்கிறது. தொகை முழுவதையும் செலுத்திவிட்டேன். அதன் பிறகு கார் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பின்னர் ஒரு நாள் நெடுஞ்சாலையில், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாத நிலையில், இன்ஜின் பக்கமிருந்து சில நொடிகள் கரகரவென்ற ஒலி கேட்டது. உடனே இன்ஜின் நின்றுவிட்டது. ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ஸ்டார்ட்டர் வழக்கத்துக்கு மாறாக மிக எளிதாகச் சுற்றியதே தவிர, இன்ஜின் பிடிக்கவில்லை.

இழுவை வண்டியில் ஏற்றி அருகிலிருந்த மற்றொரு பணிமனைக்குக் கொண்டுசென்றேன். அங்கே டைமிங் கவரை மட்டும் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். பெல்ட் புதியதுதான் என்றும், ஆனால் அதன் ஓர் ஓரம் நார்நாராகப் பிரிந்து சில பற்கள் உதிர்ந்திருப்பதாகவும், ஐட்லர் புல்லியின் பேரிங் துருவேறி ஆட்டம் கண்டிருப்பதாகவும், டென்ஷனரும் பார்வைக்குப் பழையதாகவே இருப்பதாகவும் கூறினார்கள். வால்வுகள் வளைந்திருக்கக்கூடும் என்றும், வால்வுகள் அமைந்துள்ள சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால்தான் முழுச் சேதமும் தெரியும் என்றும் சொல்லி, அவர்கள் தந்துள்ள உத்தேச மதிப்பீடு, காரை இன்றைக்கு விற்றால் கிடைக்கக்கூடிய விலையில் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது.

முதல் மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தேன். பெல்ட் தரக்குறைவாக வந்திருக்கும், தயாரித்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார். மறுமுறை பேசியபோது, இவ்வளவு தூரம் ஓடியபின் தன்னைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை என்றார். கடைசியாக, காரைத் தன்னிடமே கொண்டுவந்தால் கூலி வாங்காமல் சரிசெய்து தருவதாகவும், உதிரிபாகங்களுக்கு மட்டும் நான் பணம் கொடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் இதன் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று முன்னதாகவே எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம்.

வழக்குப் போடும் அளவுக்கு என் தரப்பில் வலு இருக்கிறதா? காரை முதலில் சரிசெய்துகொண்டு பிறகு வழக்குப் போடலாமா, அல்லது அப்படியே நிறுத்திவைக்க வேண்டுமா? கார் இல்லாமல் அன்றாட வேலைகள் தடைபடுவதால் நீண்ட காலம் காத்திருப்பதும் எனக்குக் கடினம்.


பதில் 1 (வாகனப் பழுதுகளை ஆய்வுசெய்து அறிக்கை எழுதுபவர்)

வழக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இரண்டாவது பணிமனைக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் இதற்குமேல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது, ஸ்டார்ட்டரையும் சுற்றக்கூடாது. கழற்றிய கவர், உதிர்ந்த பற்கள், அடியில் சிதறிக் கிடக்கும் ரப்பர்த் துகள்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பெல்ட் எந்த நிலையில் நின்றது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்‌ஷாஃப்ட்டிலும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டிலும் உள்ள குறிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பவையெல்லாம் ஒரே ஒரு முறை மட்டுமே பார்க்கக்கூடியவை. ஹெட்டைக் கழற்றிய பிறகு வரும் ஆய்வாளர், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். அத்தகைய அறிக்கையை எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும்.

இன்ஜினில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று மட்டுமே சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. பல இன்ஜின்களில் சிலிண்டரின் மேற்பகுதியை வால்வும் பிஸ்டனும் வெவ்வேறு கணங்களில் பயன்படுத்திக்கொள்கின்றன. பெல்ட் சில பற்கள் தாண்டினாலே அந்த ஒழுங்கு குலைந்து, திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் இடித்துவிடும். ஸ்டார்ட்டர் எளிதாகச் சுற்றியது என்று நீங்கள் எழுதியிருப்பது, சிலிண்டர்களில் காற்றழுத்தம் உருவாகவில்லை என்பதையே காட்டுகிறது. பெல்ட் அறுந்தாலோ, வால்வு மூடாமல் போனாலோ அப்படித்தான் ஆகும்.

ஆனால் சேதம் நேர்ந்தது என்பது ஒன்று, இன்னாரால் நேர்ந்தது என்பது வேறொன்று. பெல்ட்டின் ஓரம் நாராகப் பிரிவது பெரும்பாலும் அது நேர்கோட்டில் ஓடாததால் வருவது. பேரிங் ஆட்டம் கண்ட புல்லி சற்றே சாயும்போது பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, புல்லியின் விளிம்பிலோ கவரிலோ உரசிக்கொண்டே ஓடும். எனவே உங்கள் ஐயத்துக்கு அடிப்படை இருக்கிறது. இருப்பினும் பற்கள் உதிர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. வாட்டர் பம்ப் இறுகி நின்றாலும் பற்கள் உதிரும். கேம்ஷாஃப்ட்டின் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி வலுவிழக்கும். பெல்ட்டின் இழுவிசை குறைவாக இருந்தாலும் பற்கள் அடிவாங்கும். பொருத்துவதற்கு முன் பெல்ட்டைக் கூர்மையாக மடித்துவிட்டால், உள்ளிருக்கும் இழைகள் முறிந்து, பின்னாளில் கத்தியால் வெட்டியதுபோல நேராக அறுந்துவிடும். நீங்கள் சொல்லும் தோற்றம் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆய்வறிக்கை இவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, எதை எதனால் விலக்குகிறது என்று சொல்ல வேண்டும். உங்கள் காரில் வாட்டர் பம்ப்பை இதே பெல்ட்தான் சுழற்றுகிறதா, அது மாற்றப்பட்டதா என்பதைத் தெரிவியுங்கள். எதிர்த்தரப்பின் முதல் பதில் அதிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

‘இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதே’ என்ற வாதத்தைக் கண்டு தளர வேண்டாம். குறிகளைத் தவறாகப் பொருத்தியிருந்தால் இன்ஜின் தொடக்கத்திலேயே நடுங்கியிருக்கும் அல்லது ஓடியே இருக்காது. அந்த வகைத் தவறுக்கு அவருடைய வாதம் பொருந்தும். தேய்ந்த பேரிங்கின் மேல் புதிய பெல்ட்டை மாட்டினால் அது பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பிறகு கெடுவது முற்றிலும் இயல்பானது. புதிய பெல்ட்டின் முழு ஆயுளோடு ஒப்பிட்டால் 8,000 கிலோமீட்டர் என்பது மிகச் சிறிய பகுதிதான்.

டென்ஷனரிலும் புல்லியிலும் தயாரிப்பாளரின் பெயரோ, உற்பத்திக் குறியீடோ பொறித்திருக்கும். பெல்ட்டின் முதுகிலும் அப்படி ஒன்று அச்சாகியிருக்கும். பெல்ட் சமீபத்தில் தயாரானதாகவும் மற்ற இரண்டும் கார் உருவான காலத்தவையாகவும் இருந்தால், ‘பழையதாகத் தெரிகிறது’ என்ற கருத்துக்குப் பதிலாக உங்களிடம் ஒரு சான்று இருக்கும். ஓடோமீட்டர், இன்ஜின் எண், அந்தக் குறியீடுகள் ஆகியவை தெளிவாகத் தெரியும்படி ஆய்வாளரே படமெடுக்கட்டும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கிப் பிஸ்டனின் தலையில் வால்வு இடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்க முடியும். வால்வுகள் மூடிய நிலையில் இருக்கும்படி கேம்ஷாஃப்ட்டை வைத்துச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தினால், அது எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைக் கொண்டு எந்த வால்வு வளைந்தது என்பதையும் அறியலாம்.

ஆய்வாளர் உங்கள் காரைச் சரிசெய்யப்போகிறவராக இருக்கக்கூடாது. இரண்டாவது பணிமனை நேர்மையாகவே பேசினாலும், பெரிய வேலை கிடைத்தால் அதற்கு வருமானம் என்பதை நீதிமன்றம் கவனிக்காமல் இருக்காது.


பதில் 2 (நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்)

மேலே சொல்லப்பட்ட தொழில்நுட்ப விளக்கத்தை வைத்துப் பார்த்தால், உங்களிடம் இருப்பது இரண்டு கோரிக்கைகள். அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முடிவெடுப்பது கடினமாக இருக்கிறது.

முதலாவது, மூன்று பாகங்களுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினார் என்பது. இதற்கு மதிப்பீட்டுத் தாளும் ரசீதும் காரில் இப்போது இருக்கும் பாகங்களுமே போதும். இன்ஜின் ஏன் உடைந்தது என்ற விவாதத்துக்குள் போக வேண்டியதே இல்லை. தொகை சிறியதாக இருக்கும், ஆனால் தோற்பதற்கான வாய்ப்பும் சிறியது. இரண்டாவது, அந்தக் குறைபாட்டின் விளைவாகவே இன்ஜின் சேதமடைந்தது என்பது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்றாலும், இங்கே காரணத் தொடர்பை நிறுவும் சுமை உங்கள் மீது விழுகிறது. குற்றவியல் வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. எது நிகழ்ந்திருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்பதைக் காட்டினால் பொதுவாகப் போதும். ஆனாலும் நிபுணரின் அறிக்கை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். வேலைக்குப் பிறகு கார் கெட்டது என்பது மட்டுமே, வேலையால் கார் கெட்டது என்பதற்குச் சான்றாகாது.

இத்தகைய வழக்குகளில் மெக்கானிக் நியாயமான திறமையுடனும் கவனத்துடனும் வேலை செய்தாரா என்பதே கேள்வியாக இருக்கும். சிறந்த மெக்கானிக் என்ன செய்திருப்பார் என்பதை அளவுகோலாகக் கொள்ள மாட்டார்கள். பல வழக்குகள் தடுமாறுவது அங்கேதான், ஏனென்றால் ஒரே பழுதை இரண்டு நல்ல மெக்கானிக்குகள் இரண்டு விதமாக அணுகலாம். உங்களுடையது அந்தச் சிக்கலுக்குள் அதிகம் விழவில்லை. செய்வதாக எழுதிக்கொடுத்ததைச் செய்யவில்லை என்பதால், திறமையைப் பற்றிய விவாதம் பின்னுக்குப் போய்விடுகிறது.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் இப்போதே கணக்கிடுங்கள். பழுது நேராமல் இருந்திருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, அந்த நிலைக்குக் கொண்டுவருவதே இழப்பீட்டின் நோக்கம். பழுதுபார்க்கும் செலவு காரின் மதிப்பைத் தாண்டினால், பெரும்பாலும் காரின் மதிப்போடு நிறுத்திவிடுவார்கள். உங்களுடையது இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை, ஆனால் ஹெட்டைத் திறந்தபின் மதிப்பீடு உயர்ந்தால் தொட்டுவிடலாம். பழைய இன்ஜினில் புதிய பாகங்கள் ஏறுவதால் காரின் தரம் முன்பைவிட உயர்ந்தது என்று எதிர்த்தரப்பு வாதிட்டு ஒரு பகுதியைக் கழிக்கக் கேட்கும். இழுவை வண்டிக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், இடைக்காலத்தில் போக்குவரத்துக்கு நியாயமாகச் செய்த செலவு ஆகியவற்றை ரசீதுகளுடன் கேட்கலாம். மன உளைச்சலுக்காகப் பெரிய தொகையை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

இழப்பு பெருகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு. கார் நிற்கும் இடத்துக்கு நாள்வாடகை ஏறிக்கொண்டிருந்தால், மாதக்கணக்கில் அதை ஏறவிட்டு முழுவதையும் அவரிடம் கேட்க முடியாது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது: தீர்ப்பு வரும்வரை காரை நிறுத்திவைக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் மெக்கானிக்குக் கடிதமும், அனுப்பியதற்கான ஒப்புகை கிடைக்கும் விதத்தில் ஒரு மின்னஞ்சலும் அனுப்பி, இன்ன நாளில் இன்ன இடத்தில் ஆய்வு நடக்கிறது, நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ வந்து பார்க்கலாம், பிறகு பழுதுபார்க்கும் வேலை தொடங்கும் என்று தெரிவியுங்கள். வருவதற்கு நியாயமான அவகாசம் கொடுங்கள். அவர் வந்தால் நல்லது. வராவிட்டாலும், சான்றுகளை மறைத்துவிட்டுக் கோரிக்கை வைக்கிறார் என்று உங்களைப் பற்றி அவர் பின்னர் சொல்ல முடியாது. ஆய்வு முடிந்து, பழைய பாகங்களை வாங்கிப் பத்திரப்படுத்திய பிறகு, காரைச் சரிசெய்துகொள்ளலாம்.

அந்தக் கையெழுத்து விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. சேதம் எவ்வளவு என்றே தெரியாத நிலையில் எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுவதாக எழுதித் தருவது, முதலாவது கோரிக்கையையும் சேர்த்தே இழப்பதாகும். அதற்காக அவருடைய சலுகையைக் கோபமாக மறுக்கவும் வேண்டாம். தவறு செய்தவருக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தீர்களா என்று பல இடங்களில் கேட்பார்கள். ஆய்வறிக்கை வந்தபின் பதில் சொல்வதாக எழுதி வையுங்கள்.

எங்கே வழக்குத் தொடுப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் நுகர்வோர் ஆணையங்கள், சில நாடுகளில் சிறு தொகைக் கோரிக்கைகளை விசாரிக்கும் நீதிமன்றங்கள், இன்னும் சில இடங்களில் முதலில் கட்டாயச் சமரசம் என்று இருக்கும். இவற்றில் பலவற்றில் வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம். எங்கிருந்தாலும் காலவரம்பு என்று ஒன்று உண்டு. அது கார் நின்றுபோன நாளிலிருந்து ஓடுகிறதா, அல்லது வேலை செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டதா என்ற சர்ச்சைக்கு இடம்தராமல், அவ்விரண்டில் முந்தைய நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ரசீதின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் பெயரும் பணிமனையின் சட்டப்படியான உரிமையாளரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தவறான பெயரில் வழக்குப் போட்டு மாதங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.


கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது பணிமனைக்கு எழுதி, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர்களும் ஒப்புக்கொண்டு பதில் அனுப்பியிருக்கிறார்கள். வாட்டர் பம்ப் இதே பெல்ட்டால்தான் சுழல்கிறது. அதை மாற்றுவதாக மதிப்பீட்டிலும் இல்லை, ரசீதிலும் இல்லை. கவரைக் கழற்றிய அன்றே கையால் சுற்றிப் பார்த்ததாகவும், அது தடையில்லாமல் சுற்றியதாகவும், பம்ப்பில் நீர்க் கசிவின் தடயம் இல்லை என்றும் சொல்கிறார்கள். எண்ணெய்க் கசிவைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை; ஆய்வாளரிடம் கேட்பேன்.

வழக்கறிஞர் சொன்னபடி, ஆய்வு முடிந்தபின் பதில் சொல்வதாக முதல் மெக்கானிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அதற்கு அவர் எழுதிய பதில் இது: “கிட் என்பது பில் போடும் மென்பொருளில் வரும் பெயர். உங்களிடம் பேசியது பெல்ட் மட்டும்தான். மற்ற இரண்டும் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.” பழைய பாகங்களை அவர் என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய இந்தச் செய்தி எனக்குச் சாதகமா, பாதகமா? பெல்ட் மட்டும் மாற்றுவதாகத்தான் பேச்சு என்று அவர் அடித்துச் சொன்னால், என் வாய்மொழிக்கு எதிராக அவருடைய வாய்மொழி என்று ஆகிவிடாதா?


பதில் 3 (பணிமனை நடத்துபவர்)

எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் என்ற முறையில் சில சொல்கிறேன். எங்களிடம் வரும் புகார்களில் கணிசமானவை நியாயமற்றவை. கதவுக் கைப்பிடியை மாற்றியதற்குப் பிறகு கியர்பாக்ஸ் போய்விட்டது என்று வந்தவர்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகம் இல்லை. பெல்ட்டை மாற்றும்போது டென்ஷனரையும் புல்லியையும் சேர்த்து மாற்றுவதே முறை. அவற்றை எட்டுவதற்குக் கழற்ற வேண்டியவை எல்லாம் ஏற்கெனவே கழன்றிருக்கும் என்பதால் கூடுதல் கூலி அநேகமாக இல்லை. பெல்ட்டின் ஆயுளும் அந்தப் பேரிங்குகளின் ஆயுளும் ஏறத்தாழ ஒன்றுதான். வாடிக்கையாளர் செலவைக் குறைக்கச் சொன்னால் பெல்ட்டை மட்டும் மாற்றுவோம். ஆனால் அப்போது ரசீதில் அப்படியே எழுதி, வாடிக்கையாளரின் விருப்பப்படி என்று குறிப்போம். மென்பொருளின்மீது பழியைப் போடும் விளக்கம் என்னைக்கூடச் சமாதானப்படுத்தவில்லை.

வாய்மொழிக்கு எதிராக வாய்மொழி என்று கவலைப்படுகிறீர்கள். அவர் உதிரிபாகம் வாங்கிய கடையின் கொள்முதல் ரசீதைக் கேளுங்கள். கிட்டுக்கும் தனிப் பெல்ட்டுக்கும் பாக எண்ணே வேறு. அவர் வாங்கியது தனிப் பெல்ட், உங்களிடம் வாங்கியது கிட்டுக்கான விலை என்றால், அங்கேயே பேச்சு முடிந்தது. கிட்டையே வாங்கியிருந்தார் என்றால், மீதி இரண்டு பாகங்களும் எங்கே போயின என்று அவர் விளக்கியாக வேண்டும். எந்த வழியில் போனாலும் அவருக்குச் சிரமம்தான்.

இருந்தாலும் வழக்குக்குப் போகும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். தீர்ப்பு கிடைப்பதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றல்ல. வாடகைக் கொட்டகையில் நான்கு கருவிப்பெட்டிகளுடன் தொழில் நடத்துகிறவரிடம் பெரிய தொகைக்கான தீர்ப்பை வாங்கினால், அதை நிறைவேற்றுவதற்கு இன்னொரு மனு, இன்னொரு காத்திருப்பு என்று இழுக்கும். அவர் தொழிற்பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வைத்திருந்தால் உங்கள் நிலைமையே மாறிவிடும், ஏனென்றால் பேசப்போவது காப்பீட்டு நிறுவனம். இல்லாவிட்டால், தவணைகளில் தருவதாகச் சொல்லும் பாதித் தொகை, தராமல் போகும் முழுத் தொகையைவிட மேலானதாக இருக்கலாம்.

அவரிடமே காரை விட வேண்டாம் என்பது என் கருத்து. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தன் கையிலிருந்து செலவு செய்து முடிக்க வேண்டிய வேலையில் யாரும் மிகச் சிறந்த பாகத்தைப் போட மாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக வேறொரு பணிமனையில் வேலை நடக்கட்டும், செலவில் இன்ன பங்கை அவர் நேரடியாக அந்தப் பணிமனைக்குச் செலுத்தட்டும் என்று கேட்டுப் பாருங்கள். சேதம் வால்வுகளோடு நின்றிருந்தால், புது ஹெட் வாங்குவதைவிட, இருக்கும் ஹெட்டிலேயே வால்வுகளையும் கைடுகளையும் மாற்றிச் சீராக்குவது மலிவாக முடியும். அந்த மதிப்பீட்டையும் தனியாக வாங்கி வையுங்கள். கேட்கும் தொகை குறைந்தால் உடன்பாட்டுக்கு வரும் வாய்ப்புக் கூடும்.

ஒரு வேண்டுகோள்: விவகாரம் முடியும்வரை அந்தப் பணிமனையின் பெயரைப் போட்டு எங்கும் எழுதாதீர்கள். கோபத்தில் எழுதும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் உங்கள்மீது அவதூறு வழக்குப் போட்டால், கார் விவகாரம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.


பதில் 2-ஐ எழுதிய வழக்கறிஞரின் தொடர்ச்சி

கொள்முதல் ரசீதைப் பற்றி மேலே சொல்லியிருப்பது மிகப் பயனுள்ள யோசனை. அவர் தானாகத் தராவிட்டால், வழக்கு நடக்கும்போது அதைத் தாக்கல் செய்யுமாறு உத்தரவிடக் கோரலாம். அப்படிக் கோரப்படும் என்று, வழக்குக்கு முன் அவருக்கு அனுப்பும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அவருடைய செய்தியைப் பொறுத்தவரை, அது உங்களுக்கே அதிகம் சாதகமானது. டென்ஷனரும் புல்லியும் மாற்றப்படவில்லை என்பதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். எனவே பாகங்கள் பழையவையா புதியவையா என்பதில் இனி சண்டை இல்லை. ‘நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்’ என்ற வாக்கியம், அவற்றைப் பரிசோதித்துத் தாமாக ஒரு முடிவெடுத்தார் என்று சொல்கிறது; பெல்ட்டை மட்டும் மாற்றுவதாகத்தான் பேச்சு என்ற முந்தைய வாக்கியத்தோடு அது சரியாகப் பொருந்தவில்லை. பேச்சு என்னவாக இருந்தது என்பதற்கு உங்கள் வாய்மொழி மட்டுமே ஆதாரம் என்பதும் சரியில்லை, ஏனென்றால் அவர் கொடுத்த இரண்டு தாள்கள் உங்கள் பக்கம் நிற்கின்றன. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். முழு உரையாடலையும் தேதிகளோடு பதிவிறக்கிக்கொண்டு, அந்தக் கைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

எந்தத் தொகைக்கு உடன்படலாம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆய்வு, பழுதுபார்ப்பு, இழுவை எல்லாம் சேர்த்து உங்கள் மொத்தச் செலவை நூறு என்று வைத்துக்கொள்வோம். புதிய பாகங்களால் கூடிய மதிப்புக்காகப் பதினைந்து கழியலாம். மீதி எண்பத்தைந்து முழு வெற்றியின் மதிப்பு. நல்ல அறிக்கை கையில் இருந்தும் மூன்றில் ஒரு பங்கு தோல்வி வாய்ப்பு இருக்கிறது என்று கொண்டால், வழக்கின் இன்றைய மதிப்பு ஐம்பத்தேழு அளவில் வரும். வசூலாகாமல் போகும் ஆபத்தும் உங்கள் நேரமும் அதை இன்னும் கீழே இறக்கும். ஆகவே அவர் நாற்பத்தைந்து, ஐம்பது என்று நெருங்கினால், ஏற்றுக்கொள்வது தோல்வியாகாது. இந்த எண்கள் விளக்கத்துக்கானவை. அறிக்கை வந்ததும் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அவர் இப்போது தர முன்வந்திருப்பது கூலி மட்டும். மதிப்பீட்டைக் கூலி, பாகம் என்று பிரித்துக் கேட்டால் அந்தச் சலுகை நூற்றில் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வந்து, அவரும் நகராமல் இருந்தால், இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்து வழக்குத் தொடுங்கள். காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஆய்வாளர் எழுதினால், மாற்றாத பாகங்களின் விலையை மட்டும் கேட்டு அறிவிப்பு அனுப்புங்கள். அது பெரும்பாலும் கடிதத்திலேயே தீர்ந்துவிடும். இன்ஜின் முழுவதற்கும் கேட்டுத் தோற்றால், சில நாடுகளில் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் உங்கள்மீது வரும் என்பதை மறக்க வேண்டாம். உடன்பாடு எழுதும்போது, பணம் முழுமையாகக் கைக்கு வந்த பிறகே, இனிக் கோரிக்கை இல்லை என்ற உங்கள் விடுவிப்பு நடைமுறைக்கு வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.


பதில் 1-ஐ எழுதியவரின் தொடர்ச்சி

பம்ப் தடையின்றிச் சுற்றுகிறது என்பது நல்ல செய்தி. ஆனாலும் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தது போதாது; அதன் தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் ஆய்வாளர் அளந்து எழுதட்டும். பம்ப் சாய்ந்திருந்தாலும் பெல்ட்டின் ஓரம் இதேபோல் பிரியும். பம்ப்பை மாற்றுவது ஒப்பந்தத்தில் இல்லாததால், எதிர்த்தரப்பு தப்பிக்கப் பார்க்கும் வழி அதுவாகத்தான் இருக்கும்.

ஆய்வாளரிடம் கேள்வியை எப்படி வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். மெக்கானிக் மீது தவறா என்று கேட்டால், அது தன் வேலை இல்லை என்று அவர் விலகிக்கொள்வார், அல்லது உங்களுக்கு இதமான ஒரு வரியை எழுதிவிடுவார். பெல்ட் எதனால் நேர்கோட்டிலிருந்து விலகியது, டென்ஷனரும் ஐட்லர் புல்லியும் பெல்ட்டோடு சேர்த்துப் புதியனவாக மாற்றப்பட்டிருந்தால் 8,000 கிலோமீட்டரில் இது நேர்ந்திருக்குமா, பெல்ட்டை மாற்றிய நாளில் அந்தப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்திருந்தால் அதன் தேய்மானம் தெரிந்திருக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ‘நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்’ என்று அவர் எழுதியிருப்பதற்கு நேரான பதில் மூன்றாவது கேள்வியிலிருந்துதான் கிடைக்கும். துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பேரிங்கின் மசகு எவ்வளவு காலம் முன்பு வற்றியிருக்கும் என்பதை அந்தப் பேரிங்கைப் பிரித்துத்தான் பார்க்க முடியும். அப்படிப் பிரித்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதால், அவருக்கு அனுப்பும் கடிதத்தில் இதைத் தனியாகக் குறிப்பிட்டு, அவருடைய ஆள் வந்திருக்கும்போதோ, கொடுத்த அவகாசம் தீர்ந்த பிறகோ மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள்.